சரக்கு அனுப்பும் முன்: சிபிஎம், கட்டண எடை கணக்கிடுவது எப்படி?

பன்னிரண்டு பெட்டிகள். தராசில் வைத்தால் மொத்தம் 170 கிலோ சொச்சம். ஆனால் விமானத்தில் அனுப்பக் கேட்ட கொட்டேஷனில் 216 கிலோ என்று இருக்கிறது. முதல்முறை வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற பலரும் இந்த இடத்தில்தான் திகைக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு சரிதான். அந்த 216 எங்கிருந்து வந்தது என்பதை நாமே போட்டுப் பார்ப்போம்.

விமானமானாலும் கப்பலானாலும் தூக்கும் எடைக்கு ஓர் எல்லை, உள்ளே இருக்கும் இடத்துக்கு ஓர் எல்லை. பஞ்சு ஏற்றினால் எடை ஏறும் முன்பே இடம் நிரம்பிவிடும். இரும்பு ஏற்றினால் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை முடிந்துவிடும். அதனால் எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இதைத்தான் கட்டண எடை, அதாவது சார்ஜபிள் வெயிட் என்கிறோம்.

படி 1: அளவெடுப்பது

கணக்கு எளிது, தவறு பெரும்பாலும் அளவு டேப் பிடிப்பதில்தான் நடக்கிறது. பெட்டியை அடைத்து, டேப் ஒட்டி, பட்டை கட்டி முடித்த பிறகே அளக்க வேண்டும். பெட்டி விற்றவர் சொன்ன அளவை அப்படியே எழுதிவிடாதீர்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன். காலிப் பெட்டியின் அளவைக் கொடுத்தேன், சரக்கு போட்டதும் பக்கங்கள் உப்பிக்கொண்டன, கிடங்கில் மறுபடி அளந்தபோது பில் ஏறிவிட்டது.

எவ்வளவு ஏறும் என்று பாருங்கள். நம் பெட்டி 60 × 45 × 40 செ.மீ. மூன்று பக்கமும் 2 செ.மீ. மட்டும் உப்பினால் 62 × 47 × 42. பன்னிரண்டு பெட்டிக்கும் சேர்த்து, 216 கிலோவாக இருந்தது 245 கிலோ ஆகிவிடும். ஏறக்குறைய ஒரு விரல் அகல உப்பலுக்கு 29 கிலோ! அதனால் எப்போதும் பெட்டி அதிகமாகத் துருத்தும் இடத்தில் டேப்பை வையுங்கள். கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அளவில் சேரும்.

டிரம் போன்ற உருளைக்கு வட்டத்தின் பரப்பைக் கணக்கிட வேண்டாம். விட்டம் × விட்டம் × உயரம்தான். ஒழுங்கற்ற வடிவமாக இருந்தால், அது முழுதாக உள்ளே அடங்கும் ஒரு செவ்வகப் பெட்டியை மனதில் வைத்து அதன் நீள, அகல, உயரத்தை எடுங்கள்.

படி 2: சிபிஎம்

சிபிஎம் என்றால் கனமீட்டர். செ.மீ.யில் அளந்த மூன்றையும் பெருக்கி 10,00,000 ஆல் வகுத்தால் வந்துவிடும்.

60 × 45 × 40 = 1,08,000 க.செ.மீ. = 0.108 சிபிஎம்
0.108 × 12 பெட்டி = 1.296 சிபிஎம்

அங்குலத்தில் அளந்திருந்தால் ஒவ்வோர் அளவையும் 2.54 ஆல் பெருக்கி, முதலில் செ.மீ.க்கு மாற்றிவிடுங்கள். ஒரே சரக்கில் பாதியை அங்குலத்திலும் பாதியை செ.மீ.யிலும் எழுதினால் குழப்பம் நிச்சயம். நடுவில் எங்கும் தசமத்தைச் சுருக்காதீர்கள். 0.108-ஐ 0.11 என்று வைத்தால் பன்னிரண்டு பெட்டிக்கு 1.32 ஆகிவிடும்.

படி 3: இடத்தை எடையாக மாற்றுவது

விமான சரக்குக்கு வழக்கமாக 6,000 க.செ.மீ. ஒரு கிலோ. சர்வதேச கூரியரில் பெரும்பாலும் 5,000 க.செ.மீ. ஒரு கிலோ. இதே பன்னிரண்டு பெட்டிக்குப் போட்டுப் பார்ப்போம்:

விமான சரக்கு: 12,96,000 ÷ 6,000 = 216 கிலோ
கூரியர்: 12,96,000 ÷ 5,000 = 259.2 கிலோ

தராசு காட்டும் எடை, அதாவது கிராஸ் வெயிட், பெட்டிக்கு 14.2 கிலோ வீதம் 170.4 கிலோ. இரண்டு வழியிலும் இடமே அதிகம், எனவே இடத்துக்குத்தான் கட்டணம். விடை முழு எண்ணாக வராவிட்டால் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்துவது வழக்கம். 259.2 என்பது 259.5 ஆகும்.

கப்பலில் பிறர் சரக்கோடு சேர்ந்து போகும் எல்சிஎல் முறையில் கணக்கு வேறு. அங்கே 1 சிபிஎம் = 1,000 கிலோ. நம் சரக்கு 1.296 சிபிஎம், 0.1704 டன். பெரியது 1.296, அதற்குக் கட்டணம். தரை ஓடு போன்ற கனமான சரக்கு 1.2 சிபிஎம் இடத்தில் 1,900 கிலோ இருந்தால் 1.9-க்குக் கட்ட வேண்டும். அரை சிபிஎம்தான் இருந்தாலும் பெரும்பாலும் குறைந்தபட்சமாக ஒரு சிபிஎம்முக்கு வாங்கிவிடுவார்கள். சரக்கு 13, 15 சிபிஎம் என்று வளர்ந்துவிட்டால் முழுக் கண்டெய்னருக்கும் ஒரு விலை கேட்டுப் பாருங்கள். 20 அடிக் கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 சிபிஎம் என்றாலும், பெட்டிகளை அடுக்கும்போது 25 முதல் 28 வரைதான் உண்மையில் பிடிக்கும்.

படி 4: உங்கள் சரக்கின் எண்

இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று புதியவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். மொத்த எடையை மொத்த சிபிஎம்மால் வகுங்கள்: 170.4 ÷ 1.296 = 131. ஒரு கனமீட்டருக்கு 131 கிலோ. விமானத்துக்கு எல்லை 167 (10,00,000 ÷ 6,000), கூரியருக்கு 200 (10,00,000 ÷ 5,000), எல்சிஎல்லுக்கு 1,000. உங்கள் எண் எல்லைக்குக் கீழே இருந்தால் இடத்துக்குக் கட்டுகிறீர்கள், மேலே இருந்தால் எடைக்கு.

எதைக் குறைத்தால் பணம் மிச்சமாகும் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. நமக்கு எண் எல்லைக்குக் கீழே இருக்கிறது, அதாவது பெட்டிக்குள் காற்று இருக்கிறது. உயரத்தை 40-லிருந்து 34 செ.மீ.க்குக் குறைக்க முடிந்தால் கட்டண எடை 216-லிருந்து 184 கிலோவாக இறங்கும். 32 செ.மீ.யில் 173 கிலோ. அதற்குக் கீழே குறைத்துப் பெரிய பயனில்லை, ஏனென்றால் தராசு எடையே 170.4. எதுவரை குறைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று இப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

பேலட்டில் வைத்தால்?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேலட் என்பது பெட்டிகளை அடுக்கி வைக்கும் தட்டு. 120 × 100 செ.மீ. பேலட்டில் அடுக்குக்கு நான்கு பெட்டி, மூன்று அடுக்கு. பெட்டிகள் அடைக்கும் இடம் 120 × 90 மட்டுமே, ஓரத்தில் 10 செ.மீ. காலி. உயரம் 120, அதோடு பேலட்டின் 15 சேர்த்து 135.

120 × 100 × 135 ÷ 6,000 = 270 கிலோ

பெட்டியாகவே போயிருந்தால் 216. கூடுதல் 54 கிலோவில் 27 அந்தக் காலி விளிம்புக்கு, மீதி 27 பேலட்டின் உயரத்துக்கு. பேலட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உடையும் பொருளுக்கு அது அவசியம். பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே பேலட்டின் அளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

படி 5: ஸ்லாப் பார்ப்பது

விமானக் கட்டணத்தில் 45, 100, 300, 500 கிலோ என்று படிகள் உண்டு. எடை ஏற ஏறக் கிலோ விலை இறங்கும். 100 கிலோவுக்கு மேல் கிலோ விலை 5, 300-க்கு மேல் 4.2 என்று வைத்துக்கொள்வோம். 270 × 5 = 1,350. அதே சரக்கை 300 கிலோவாகக் கணக்கிட்டால் 300 × 4.2 = 1,260. குறைவாக வருகிறது! அடுத்த படிக்கு அருகில் இருக்கிறீர்கள் என்றால் ஃபார்வர்டரிடம், அதாவது சரக்கை அனுப்பித் தரும் முகவரிடம், இதைத் தயங்காமல் கேளுங்கள்.

கனமானதும் லேசானதும் சேர்ந்தால்

இன்னும் நான்கு பெட்டி இயந்திர பாகங்கள் இருக்கின்றன: 30 × 30 × 25 செ.மீ., ஒவ்வொன்றும் 28 கிலோ. இடக் கணக்கில் மொத்தம் 15 கிலோதான், தராசில் 112. தனியாக அனுப்பினால் அதற்கு 112, பழைய பன்னிரண்டுக்கு 216, ஆக 328 கிலோ. ஒரே ஏர்வே பில்லில் (விமான சரக்குச் சீட்டு) சேர்த்தால் இடம் 216 + 15 = 231, எடை 170.4 + 112 = 282.4. பெரியது 282.4, கட்டண எடை 282.5. அதே சரக்கு, அதே விமானம், 45.5 கிலோ குறைவு. கூரியரில் சிலர் பெட்டி பெட்டியாகக் கணக்குப் போடுவார்கள், அங்கே இந்த லாபம் கிடைக்காது. எந்த முறை என்று பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.