ஹேண்ட்பிரேக் தளர்ந்துவிட்டதா? நட்டைத் தொடும் முன் ட்ரம்மைத் திறந்து பாருங்கள்

நாங்கள் குடியிருப்பது பினாங்கு பாயா தெருபோங்கில். அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடமே ஒரு சரிவுதான். போன வருடம் ஒரு நாள் சந்தையிலிருந்து வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் காலை எடுத்தேன். பின்கதவைத் திறந்து அம்மா ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார். கார் அரை அடி பின்னால் போய்விட்டது. உடனே மிதித்துவிட்டேன், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை அடியை என்னால் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு நானே கற்றுக்கொண்டு சரிசெய்த முறை இது. எங்களுடையது 2009 மைவி (மலேசியாவின் பெரோடுவா தயாரிக்கும் சிறிய கார்), ஆட்டோ கியர். பின்சக்கரத்தில் ட்ரம் பிரேக்கும், நடுவில் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கும் உள்ள முன்சக்கர இயக்கக் கார்களுக்கு இதே வழிதான். பட்டனில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் பிரேக் இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

முதலில் நான் செய்த தவறு. லிவரின் அடியில் கேபிளை இறுக்கும் ஒரு நட்டு இருக்கும். பத்து நிமிட வேலை என்று அதை மட்டும் இறுக்கினேன். பத்து க்ளிக் வரை போன லிவர் ஐந்தில் நின்றது. இரண்டு நாள் கழித்துப் பினாங்குப் பாலத்தைக் கடந்து மறுகரையில் உள்ள பிறை ஊரில் இறங்கியபோது, இடது பின்சக்கரத்திலிருந்து கருகிய வாடை. ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத சூடு.

காரணம் இதுதான். சக்கரத்தோடு சுற்றும் வட்டக் கிண்ணம்தான் ட்ரம்; பிரேக் போடும்போது அதன் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் வளைந்த கட்டைதான் ஷூ. ஷூ தேயத் தேய அதற்கும் ட்ரம்முக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. தளர்ச்சி அங்கே இருக்க, நான் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டேன். லிவரை முழுதாக இறக்கினாலும் கேபிள் விறைப்பாகவே நின்று, ஷூவைத் தன் இடத்துக்குத் திரும்ப விடவில்லை. ட்ரம்மோடு அது உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள்.

தூக்குவது

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். எங்கள் சரிவில் செய்யவே முடியாது, மாமா வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனேன். கியர் பி-யில், மேனுவல் என்றால் முதல் கியரில். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. பின்சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். காரோடு வரும் கத்தரி ஜாக்கை நம்பி வேலை செய்யாதீர்கள், அது டயர் மாற்ற மட்டுமே. தூக்கிய காரைத் தாங்கி நிற்க ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள். மற்ற சாமானை இரவல் வாங்கலாம், இது சொந்தமாக இருக்கட்டும்.

இப்போது ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்குங்கள். லிவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியை (கன்சோல்) கழற்றி, கேபிள் நட்டைத் தாராளமாகத் தளர்த்துங்கள். நட்டுக்கு ஆழமான சாக்கெட்தான் சரி. சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் கால் சுற்றுகூட வராது.

ட்ரம்மும் ஷூவும்

சக்கரத்தைக் கழற்றியதும் ட்ரம் வராமல் அடம்பிடிக்கும். இங்குள்ள மழைக்கும் கடல் காற்றுக்கும் நடுப்பகுதி துருவேறி ஒட்டியிருக்கும். சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். ட்ரம்மின் முகத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் தெரியும். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் சேரும். இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக முறுக்கினால் ட்ரம் தானே வெளியே வரும்.

உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். ஊதாதீர்கள், அதைச் சுவாசிப்பது கெடுதல். பிரேக் கிளீனர் அடித்து நனைத்துத் துடையுங்கள். ஷூ கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, ஷூவைத் தள்ளும் சிலிண்டர் பக்கம் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, ட்ரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. சிலிண்டரின் பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

இரண்டு ஷூவுக்கும் நடுவே பல்சக்கரம் போட்ட ஒரு கம்பி இருக்கும், அதுதான் ஸ்டார் வீல். தட்டை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு மூன்று பல் திருப்பி, ட்ரம்மை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். இங்கேதான் எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. ஒரு சுற்றில் உரசும், அடுத்ததில் உரசாது. ட்ரம்மைச் சும்மா மாட்டினால் சாய்ந்து நிற்கும் என்று பிறகுதான் புரிந்தது. எதிரெதிரே இரண்டு சக்கர நட்டுகளைப் போட்டு ட்ரம்மை நேராக உட்கார வைத்துவிட்டுச் சுற்றுங்கள். சீரான மெல்லிய 'சர்' சத்தம், ஆனால் கையால் எளிதாகச் சுற்ற வேண்டும். அதுதான் அளவு. அடுத்த பக்கமும் அப்படியே.

இரண்டு ட்ரம்மும் மாட்டிய பிறகு பிரேக்கை ஏழெட்டுத் தடவை மிதியுங்கள். ஷூ நடுவில் உட்காரும். மறுபடி சுற்றிப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் ஒரு பல் தளர்த்துங்கள்.

கடைசியில் கேபிள்

நட்டை அரைச் சுற்று இறுக்குவது, லிவரை இழுத்து க்ளிக் எண்ணுவது, திரும்ப இறக்குவது. பல கார்களில் 5 முதல் 8 வரை வரும். உங்கள் கையேடு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைவிட நான் பெரிதாக நினைப்பது வேறு. லிவர் முழுதாக இறங்கியதும் இரண்டு பின்சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இழுத்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும்.

சக்கரம் மாட்டி, இறக்கி, டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) நட்டுகளை இறுக்கிவிட்டு, ஆள் இல்லாத சரிவில் சோதியுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து ரிம்மின் அருகே கையை வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மிதமான சூடு இருந்தால் சரி.

பிறகு சேர்த்தது

பட்டர்வொர்த்தில் இருந்து ஒருவர், ஸ்டார் வீலை இறுக்க முடிகிறது, தளர்த்த முடியவில்லை என்று எழுதியிருந்தார். பல்லின் மேல் ஒரு சிறிய தகடு அமர்ந்திருக்கும், அது ஒரு பக்கமாகத்தான் திருப்ப விடும். இன்னொரு ஸ்க்ரூடிரைவரால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

இன்னொருவருக்கு வலப்பக்கம் மட்டும் பிடிக்கவே இல்லை. அவருடைய கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டது. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், அப்புறம் மறுபடி சிக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.