ஆற்றில் தத்தளிப்பவரைக் கரையிலிருந்தே மீட்பது எப்படி?

தாமிரபரணியில் ஒருவர் முங்குகிறார் என்றதும் குதிக்கத்தான் கால் பரபரக்கும். குதிக்காதீர்கள். உயிர்ப்பயத்தில் இருப்பவர் கையில் சிக்கியவரை அமுக்கித்தான் மேலேறப் பார்ப்பார். நன்றாக நீச்சல் தெரிந்தவரும் அந்தப் பிடியில் தப்புவது கஷ்டம்.

முங்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்தமாட்டார். தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும். இது ஒரு நிமிடம்கூட நீடிக்காது.

1. பக்கத்தில் இருப்பவரை 108-க்கும் 101-க்கும் போன் செய்யச் சொல்லுங்கள். குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை என்று படித்துறையின் பெயரோடு சொல்லவேண்டும். 'ஆத்தங்கரை' என்றால் வண்டி எங்கே வரும்?

2. பாசிப் படியில் நின்று கை நீட்டினால் நீங்களும் உள்ளே. குப்புறப் படுத்து, உங்கள் காலை ஒருவர் பிடிக்க, கம்பை நீட்டுங்கள். கம்பு இல்லாவிட்டால் எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டர் எட்டும், சேலை ஐந்து மீட்டருக்கு மேல். முனையில் பெரிய முடிச்சுப் போட்டு நனைத்தால்தான் வீச வரும்.

3. அதற்கும் எட்டாவிட்டால் கயிறும் கேனும். 5 லிட்டர் எண்ணெய் கேனில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். வெறும் கேனைக் காற்று திருப்பிவிடும். கைப்பிடியில் 15 முதல் 20 மீட்டர் பிளாஸ்டிக் கயிறு கட்டுங்கள். மிதக்கிற ரகமாக வாங்குங்கள், நைலான் முங்கிவிடும். கேனை அவர் தலையைத் தாண்டி வீசவேண்டும். கயிறு தோளில் விழுந்தால்தான் கை தானாகப் பிடிக்கும், கேனைத் தேடிப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

அணையில் தண்ணீர் திறந்திருந்தால் இழுப்பு அதிகம். அவருக்குக் கீழே, ஓட்டம் போகிற பக்கம் ஓடிப்போய் நின்று வீசுங்கள். பிடித்ததும் எதிர்த்து இழுக்காமல், உட்கார்ந்து கயிற்றை இறுக்கிப் பிடித்தாலே போதும், ஓட்டமே அவரைக் கரைக்கு ஒதுக்கும். இடுப்பில் கட்டாதீர்கள், கையில் சுற்றாதீர்கள். உங்களுக்குக் கீழே கசமோ (ஆழமான பள்ளம்) பாறையோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கரையேற்றியதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம்மூர்ப் பழக்கம். அதில் வயிற்றில் கிடக்கிற சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் ஏறும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பாருங்கள். மூச்சு இல்லாவிட்டால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு வாயோடு வாய் வைத்து முதலில் ஊதுங்கள். பிறகு நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு 30 அழுத்தம், 2 ஊதல், ஆம்புலன்ஸ் வரும்வரை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்கிற வேகம் வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் இறங்கிய தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறவைக்கும்.