சூரியப் புயல் வருது என்று சொல்வதற்கு முன்

போன வாரம் நாகர்கோவிலில் கல்லூரிப் பையன்கள் சிலர் போனை நீட்டினார்கள். "அண்ணே, சூரியன்ல பெரிய வெடிப்பு. மூணு நாள்ல புயல். எல்லாருக்கும் அனுப்பிட்டோம்." நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நேரக் கணக்கில் தடுமாறுவது போன்ற சின்னப் பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெடிப்பையே புயல் என்பது

வெடிப்பின் ஒளி 8 நிமிஷத்தில் வந்துவிடும். பகல் பக்கத்தில் சிற்றலை ரேடியோவைக் கெடுக்கும், அவ்வளவுதான். பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும் காந்தப்புயலைக் கிளப்புவது அப்புறம் வரும் பிளாஸ்மா மேகம், அதாவது சூரியன் வீசியெறியும் மின்னேற்றத் துகள்களின் திரள். அது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும், சில நேரம் வெடிப்போடு கிளம்பவே கிளம்பாது.

திசையைப் பார்க்காமல் எச்சரிப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். குளச்சலில் என் சித்தப்பாவுக்குப் போன் செய்து, "ராத்திரி ஜிபிஎஸ் குழம்பும், தொழிலுக்குப் போகாதீங்க" என்றேன். வள்ளத்தில் ஐந்து பேர். ஐவரும் கரையில் இருந்துவிட்டார்கள். மேகம் சொன்ன நேரத்துக்கே வந்தது, சூரியக் காற்றின் வேகமும் ஏறியது. ஆனால் புயல் இல்லை. காலையில் மற்ற வள்ளங்கள் சாளையோடு திரும்பின. சித்தப்பா திட்டவில்லை. "மக்கா, இனி உறுதியா தெரிஞ்சா சொல்லு" என்றார், அவ்வளவுதான்.

நான் பார்க்காமல் விட்டது பி-இசட். மேகம் தன்னோடு கொண்டுவரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்று காட்டும் எண் அது. சூரியனைப் பார்த்த எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கி நிற்கிறது. வருகிற புலமும் வடக்கென்றால் பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். தெற்கென்றால் இரண்டின் கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று சேரும், ஆற்றல் உள்ளே புகுந்து, பூமியின் இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்தப்புல வாலில் நிரம்பும். அங்கிருந்து பாயும் துகள்கள் பூமியைச் சுற்றும் வளைய மின்னோட்டத்தைப் பெருக்க, தரையில் படுக்கைவாட்டக் காந்தப்புலம் சரியும். நம் மாவட்டம் காந்த நடுக்கோட்டை ஒட்டியது. தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறைய படுத்தே நிற்கும்.

பி-இசட் மைனஸ் என்றால் தெற்கு. 2024 மே 10 இரவு அது மைனஸ் 50 நானோடெஸ்லாவை (காந்தப்புல அலகு) ஒட்டி இறங்கியது. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்று காட்டும் கேபி எண் உச்சமான 9-ஐத் தொட்டது. இந்தத் திசையை, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்கள் அளந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். அப்போது நம் கையில் இருப்பது கால் மணி முதல் ஒரு மணி நேரம். மூன்று நாள் முன்பே 'வரலாம்' என்று சொல்லலாம். 'அடிக்கும்' என்று சொல்லவே கூடாது.

கேபி எண்ணை ஜோசியமாக எடுப்பது

அது நடந்து முடிந்த மூன்று மணி நேரத்தின் கணக்கு.

முட்டம் கடற்கரையில் துருவ ஒளிக்குக் காத்திருப்பது

துருவங்களை ஒட்டிய வானில் மின்னும் அந்த ஒளி இங்கே தெரியாது. அந்த மே புயலிலேயே லடாக்கின் ஹான்லேயில்தான் கேமராவில் சிவப்பாகப் பதிந்தது.

சாயங்காலக் குழப்பத்துக்கெல்லாம் புயலைக் காரணம் காட்டுவது

சூரியன் மறைந்த பின் காந்த நடுக்கோட்டருகே, மேல் வானின் மின்னேற்ற அடுக்கான அயனிமண்டலத்தில் குமிழிகள் எழும்பும். ஜிபிஎஸ் சிக்னல் அவற்றில் சிக்கித் துடிக்கும். இதற்குப் புயலே தேவையில்லை. மார்ச், செப்டம்பர் ஒட்டிய மாதங்களில் அதிகம். அந்த மாதங்களில் ராத்திரி எட்டு மணிக்குக் குளச்சலிலிருந்து போன் வந்தால் நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அப்புறம்தான் பி-இசட்டை.