பிரெஞ்சு படிக்கும் பிள்ளைக்கு ஒரு அட்டைப் பெட்டி

பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கும் பிள்ளையை உட்கார வைத்து, தினமும் நீங்களே சொற்களை ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடலாம். ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரவலாக்கிய முறை இது. பழைய செருப்புப் பெட்டி ஒன்றை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. புதிய அட்டை முதல் அறையில் இருக்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எங்கே இருந்தாலும் திரும்ப முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்றவற்றை இன்னும் இடைவெளி விட்டுப் பார்த்தால் போதும்.

அட்டையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எழுதும்போதே பாதி மனதில் பதிந்துவிடும். பிரெஞ்சில் வீட்டுக்கும் புத்தகத்துக்கும்கூட ஆண்பால், பெண்பால் உண்டு. அதனால் வீடு என்பதற்கு வெறும் 'மெசோன்' என்று எழுதாமல், பெண்பாலைக் காட்டும் 'லா' சேர்த்து 'லா மெசோன்' என்றே, பெண்பாலுக்குச் சிவப்பு மை, ஆண்பாலுக்கு நீல மை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், இன்றைக்கு எத்தனை புது அட்டை என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பத்தைத் தாண்டினால் மட்டும் நிறுத்துங்கள். முதல் அறை நிரம்பி வழிந்தால் பெட்டியைத் திறக்கவே சலிப்பு வந்துவிடும்.