மழைமாதத்தில் வாசல் நிறையப் பூ: தீபாவளி முதல் பொங்கல் வரை

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ரப்பர் மரம் இலை சிவந்து கொட்டுவதுகூட ஜனவரிக்குப் பிந்திய வெயிலில்தான். பகல் நீளமும் ஆண்டு முழுக்கச் சுமார் அரை மணி நேரம்தான் கூடிக் குறையும். ஆகவே ஆண்டுக் கடைசியில் பூ வேண்டுமென்றால் விதை போடும் தேதியைத்தான் பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மழையைச் சமாளிக்க வேண்டும்.

செண்டுமல்லி விதைத்ததிலிருந்து பூக்க ஏறக்குறைய 70 நாள் ஆகும். கோழிக்கொண்டைக்கும் வாடாமல்லிக்கும் 90 நாள் வையுங்கள். பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் போதும். 2026 தீபாவளி நவம்பர் 8. செண்டுமல்லியை ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் கோழிக்கொண்டையை ஆகஸ்ட் முதல் வாரத்திலும் போட வேண்டும். பொங்கலுக்கு முறையே நவம்பர் முதல் வாரமும் அக்டோபர் நடுவும் சரியாக வரும். மேகமூட்டம் நீடித்தால் பூ பிந்தும். அதனால் எல்லா விதையையும் ஒரே நாளில் கொட்டாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு விதைத்தட்டாகப் போடுவது நல்லது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது மண்ணில்தான். வேலியோரத்துச் செம்மண்ணை அப்படியே பையில் அள்ளிப் போடுகிறார்கள். நம் பக்கத்து மண் புளிப்பு (அமில) மண். அதில் இரும்பும் மாங்கனீசும் அதிகமாகக் கரைந்து செடிக்குள் ஏறும். செண்டுமல்லி இதைத் தாங்காது: அடி இலைகளில் மிளகைத் தூவியது போலப் பழுப்புப் புள்ளி விழுந்து, ஓரம் கருகும். பூசணம் என்று நினைத்து மருந்தடிப்பது வீண் செலவு. மேல்மண் மூன்று பங்கு, மக்கிய மாட்டெரு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்று கலந்து, பத்து லிட்டர் கலவைக்கு 30 கிராம் டோலமைட் சுண்ணாம்புத்தூள் சேருங்கள். விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கலந்து ஈரமாக வைத்தால்தான் சுண்ணாம்பு வேலை செய்யும். பச்சைக் கோழி எரு வேண்டாம், வேர் வெந்துவிடும்.

செண்டுமல்லி விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுத் தட்டைக் கூரைக்கடியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். காலையில் மட்டும் தண்ணீர். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று, தண்டு தரைமட்டத்தில் நூலாக இளைத்துச் சாயும். மூன்று நான்கு வாரத்தில் எட்டு அங்குலப் பைக்கு மாற்றி, நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியை நகத்தால் கிள்ளிவிடலாம். கிளை கூடும், ஆனால் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளும். தாமதமாக விதைத்தவர்கள் கிள்ளவே வேண்டாம்.

கோழிக்கொண்டையைத் தட்டில் வளர்த்து மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேர் நெருங்கினாலோ ஒருநாள் காய்ந்தாலோ, சாண் உயரத்திலேயே நகத்தளவு கொண்டை காட்டிவிடும். அந்தக் கொண்டை பிறகு பெருக்காது, என்ன உரம் போட்டாலும் சரி. நேராகப் பையிலேயே நான்கைந்து விதை தூவி, நல்லதாக ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

மொட்டு வரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 15:15:15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) அரைத் தேக்கரண்டி, பிறகு 12:12:17:2 (கடைசி எண் மக்னீசியம்). யூரியாவைக் கூட்டினால் இலைதான் பெருக்கும், முதல் பெருமழைக்கே தண்டு முறியும்.

அடுக்குச் செண்டுப்பூ தண்ணீரைத் தேக்கி நடுவிலிருந்து அழுகும். மழை விட்டதும் செடியைக் குலுக்கிவிடுங்கள். பைகளைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே செடி வாடி நின்றால், அடித்தண்டைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே கறுத்திருந்தால் அடியழுகல். பையோடு அப்புறப்படுத்துங்கள், அந்த மண்ணை மறுபடி எடுக்காதீர்கள். குட்டையான பிரெஞ்சு வகைச் செண்டுமல்லி இந்த அழுகலை நன்றாகத் தாங்கும், பூமாலை கட்டத்தான் உதவாது.

இலையில் சிவப்பும் மஞ்சளும் வேண்டுமென்றால் குரோட்டன் போதும். நிழலில் வைத்தால் பச்சையாகிவிடும், நல்ல வெயில் வேண்டும். பல வகைகளில் கொழுந்து மஞ்சளாக வந்து, முதிர முதிரத்தான் சிவக்கும், அவசரப்பட்டு வெட்டாதீர்கள். 15 சென்டிமீட்டர் குச்சியில் மேல் இலை மூன்றை மட்டும் விட்டு, பால் நின்றதும் கழுவி ஈரமணலில் ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் வேர்விடும். அந்தப் பால் கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

கேமரன் மலையில் வாங்கிவரும், மேல் இலைகள் சிவக்கும் பாய்ன்செட்டியாவைக் கிறிஸ்துமஸ் வரை பார்த்து மகிழலாம். மறு ஆண்டு இங்கே சிவக்கும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு நீண்ட இருட்டும் குளிர்ந்த இரவும் தேவை, தெருவிளக்கு வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும்.

கோழிக்கொண்டைப் பூ காய்ந்ததும் வெள்ளைத்தாள்மேல் தட்டினால் கறுத்துப் பளபளக்கும் விதை கொட்டும். நிழலில் உலர்த்தி மூடிபோட்ட போத்தலில் வையுங்கள். பாக்கெட்டில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பின விதை) என்று போட்ட செண்டுமல்லிக்கு இது ஆகாது, அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. அதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.