‘நைலான் கயிறு’ என்று கேட்டு வாங்காதீர்கள்

போன வாரம் விடியற்காலையில், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வந்து அடித்த காற்று மழையில் (இங்கே சிங்கப்பூரில் சுமத்ரா சூறை என்போம்), புக்கிட் தீமா பக்கம் ஒரு சரிவில் பெரிய அங்சானா மரம் சாய்ந்துவிட்டது. விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதுதான் எங்கள் வேலை. ஏழரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் மழை முழுதாக விடவில்லை. கிரேன் நெருங்க முடியாத இடம். அறுத்த துண்டுகளைக் கயிறு கட்டி மேட்டுக்குத்தான் இழுக்க வேண்டும். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத இரண்டு தம்பிகள், ஒருவர் மன்னார்குடி, இன்னொருவர் அறந்தாங்கி, லாரியிலிருந்து ஒரு நீலக் கயிற்றை உருவிக் கட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கயிறு தம்பி அது?”

“நைலான்ணே.”

அது நைலான் இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் இதே பதிலைச் சொன்னவன் நான். அதனால் அவர்கள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

கையுறை போடு, பூட்ஸ் போடு, நைந்த கயிற்றைத் தூக்கிப் போடு என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது சேஃப்டி வகுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். கயிறு கட்டி இழுப்பதில் நாம் செய்யும் தப்புகளில் அங்கே சொல்லாததைச் சொல்கிறேன்.

பெயரை நம்பி வாங்குவது

நம் ஊரில் பிளாஸ்டிக்கில் திரித்த எதுவும் நைலான் கயிறுதான். கிணற்றில் வாளி கட்டுவது, ஆடு கட்டுவது, கொடி கட்டுவது எல்லாமே நைலான். ஆனால் நீலம், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் அந்தக் கயிறு பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். உண்மையான நைலான் வேறு சாதி. பாலியெஸ்டர் இன்னொரு சாதி. பார்வைக்குச் சில சமயம் ஒன்றுபோலவே இருக்கும், இழுக்கும்போதுதான் குணம் தெரியும்.

நான் கற்றுக்கொண்ட கதை இது. அப்போதைய முதலாளி காசைக் கொடுத்து, “நல்ல கயிறா வாங்கிட்டு வா” என்றார். அதுவரை நாங்கள் பச்சைக் கயிறுதான் வைத்திருந்தோம், அதைத்தான் நைலான் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போய் ‘நைலான் ரோப்’ என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் உண்மையான நைலானையே எடுத்துக் கொடுத்தார். 16 மில்லிமீட்டர், வெள்ளை வெளேர் என்று, கையில் பட்டால் பஞ்சு மாதிரி. இருப்பதிலேயே இதுதான் ஸ்ட்ராங் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மூன்றில், ஒரே தடிமனுக்கு, நைலான்தான் அதிக எடை தாங்கும். தப்பு முழுக்க என்னுடையது. எனக்குத் தேவை எது என்று தெரியாமலே போய் நின்றேன்.

மறுநாள் ஒரு பங்களாவுக்குப் பின்னால் சரிவில் தூங்குமூஞ்சி மரத்துண்டு. 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 2 மீட்டர் நீளமும் உள்ள துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், 0.14 கன மீட்டர் வரும், பச்சை மரம் என்பதால் நூறு கிலோவுக்கு மேல். நாங்கள் இழுத்தது அதைவிடப் பெரியது. ஆட்கள் இழுத்து முடியவில்லை என்று, கயிற்றின் மறுமுனையை மேலே சாலையில் நின்ற லாரியில் மாட்டினோம். கட்டைப் பக்கம் ஒரு இரும்புக் கொக்கி. நடுவழியில் கட்டை ஒரு வேரில் போய் முட்டி நின்றது.

லாரி நகர்கிறது, கட்டை அசையவில்லை. கயிறு மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. மழையில் ஊறிய கயிறு. அதை யாரோ முறுக்கிப் பிழிவது போலத் தண்ணீர் முத்து முத்தாக வெளியே வந்தது. அந்தத் துளிகள் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன. அப்போதே “நிறுத்துங்கண்ணே” என்று கத்தியிருக்க வேண்டும். நானோ பக்கத்தில் நின்றுகொண்டு, ஓட்டுநர் அண்ணனுக்கு “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கையாட்டினேன்.

கட்டை வேரைத் தாண்டி எகிறியது. எகிறிய வேகத்தில் கொக்கி கழன்றது. ‘உய்ங்’ என்று ஒரு சத்தம், என் முழங்காலுக்கு அரை அடி தள்ளிப் போனது. லாரி கேபினின் பின்கண்ணாடி தூள். கட்டை உருண்டு கீழே போய் வேலியைச் சாய்த்தது. ஓட்டுநர் அண்ணன் இறங்கி வந்து என்னைத் திட்டக்கூட இல்லை, என் காலைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

நைலான் நீளும். அதுதான் அதன் நல்ல குணமும். கப்பலைத் துறையில் கட்டி வைக்கவும், மண்ணில் புதைந்த வண்டியை இழுத்தெடுக்கவும் அந்த நீட்சி உதவும். திடீர் உலுக்கலை அது உள்வாங்கிக்கொள்ளும். கரடுமுரடான தரையில் கட்டை இழுப்பது வேறு வேலை. கட்டை முட்டி நிற்கிறது, நாம் இழுக்கிறோம், இழுத்த பலம் அத்தனையும் கயிற்றுக்குள் உண்டிவில்லின் ரப்பரில் ஏறுவது போல ஏறிக்கொள்கிறது. 30 மீட்டர் நைலான் கயிறு 10 சதவீதம் நீண்டால் 3 மீட்டர். கட்டை விடுபடும் நொடியில் அந்த 3 மீட்டரும் ஒரே மூச்சில் சுருங்கும். எதிரில் யார் நிற்கிறார் என்று அது பார்க்காது. பாலியெஸ்டர் அதே இழுப்புக்கு அதில் பாதிகூட நீளாது. கட்டை எங்கே முட்டுகிறது என்பது உடனே கைக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நனைந்தால் நைலானின் வலு 10 முதல் 15 சதவீதம் வரை குறையும். சிங்கப்பூரில் மரம் விழுவதே பெரும்பாலும் மழை நாளில்தானே. பாலியெஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை.

“சரிண்ணே, அப்ப நீலக் கயிறே தேவலையே, நைலான் அளவுக்கு நீளாதே” என்று அறந்தாங்கித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பாலிபுரோப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும்; பாலியெஸ்டர் 250ஐத் தாண்டும். கட்டையைச் சரிவில் இறக்கும்போது மரத்தைச் சுற்றிக் கயிற்றை விட்டு விட்டுப் பிடிப்போம் இல்லையா, அந்த உரசலில் நீலக் கயிறு பளபளவென்று மெழுகிவிடும். மெழுகிய இடம் அறும் இடம். அதோடு நம் ஊர் வெயில். லாரி மேலேயே கிடந்த நீலக் கயிற்றைத் தேய்த்துப் பாருங்கள், தூள் கொட்டும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன் வகை. மூழ்கினால் நைலான் அல்லது பாலியெஸ்டர். மூழ்கியதில் சில மீட்டரை எடுத்து ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, இருவர் சாய்ந்து இழுங்கள். நன்றாக நீண்டுவிட்டுத் திரும்பிச் சுருங்கினால் நைலான். (டைனீமா என்ற உயர்ரகக் கயிறும் மிதக்கும். ஆனால் அதன் விலையைக் கேட்ட யாரும் அதை நீலக் கயிறு என்று நினைத்து வாங்கிவிட மாட்டார்கள்.) கடையில் பெயர்ச்சீட்டு இருந்தால் அதைப் படித்துவிடுங்கள், வேலை மிச்சம்.

எடையை மட்டும் பார்த்துத் தடிமன் எடுப்பது

8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறே நான்கு ஆட்களின் இழுப்புக்கு அறாது. அறாது, சரி. கை தாங்க வேண்டாமா? மெல்லிய கயிறு கையுறைக்கு மேலாகவே உள்ளங்கையை அறுக்கும். தேர் வடத்தை அவ்வளவு பருமனாகத் திரிப்பது தேரின் எடைக்காக மட்டுமா? இத்தனை கைகள் பிடிக்க வேண்டும் என்பதற்காகவும்தான். ஆள் இழுக்க 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் முடிச்சு இறுகாது, நனைந்தால் தூக்கவே ஓர் ஆள் தேவைப்படும். கையில் மெல்லிய கயிறுதான் இருக்கிறது என்றால், ஒரு முழக் கட்டையை முனையில் கட்டி அதைப் பிடித்து இழுங்கள்.

கையில் சுற்றிக்கொள்வது

வேண்டாம். விரல் போகும்.

கயிற்றின் முனையில் இரும்புக் கொக்கி

வேண்டாம். மேலே சொன்ன லாரிக் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தப்பான முனையில் கட்டுவது

கிளையை அறுத்த பக்கத்தில் கட்டி இழுத்தால் சிறு கொம்புகள் பின்னால் மடங்கிக் கூடவே வரும். நுனிப் பக்கத்தில் கட்டினால் ஒவ்வொரு கொம்பும் புதரில் மாட்டும். கயிற்றைக் குறை சொல்வோம், தப்பு முடிச்சு போட்ட இடத்தில் இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் என் மச்சான் உரிமம் எடுத்துக் கடமான் வேட்டைக்குப் போகிறவர். தென் தமிழ்நாட்டில் மிளா என்போமே, அதே மான்தான். 1860களில் அங்கே கொண்டுபோய் விட்டது. ஆண் மான் 200 கிலோவைத் தாண்டும். ஒருநாள் போனில், “மாப்ளே, மானை இழுக்க என்ன கயிறு நல்லது?” என்றார். இங்கே மண்டாய்ப் பக்கம் காட்டில் கடமான் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். மான் இழுத்த அனுபவம் எனக்கு ஏது? கட்டைக்குச் சொல்வதையே சொன்னேன். பாலியெஸ்டர், 12 மில்லிமீட்டர், நீளாதது. எந்தப் பக்கம் கட்டுவீர்கள் என்று கேட்டேன். தலைப்பக்கம் என்றார். தலையை முன்னால் விட்டு இழுத்தால் ரோமம் படிந்த திசையிலேயே வழுக்கி வருமாம், காலைப் பிடித்து இழுத்தால் ரோமம் எதிர்த்து நின்று தரையைப் பற்றுமாம். முன்னங்கால்களையும் தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் புதரில் மாட்டாதாம். எங்கள் கிளைக் கணக்கேதான்! பெரிய மான் என்றால் இழுப்பதே இல்லை, அங்கேயே கூறுபோட்டு முதுகுப்பையில் தூக்கி வந்துவிடுவோம் என்றார். எங்களுக்கும் அதுதான் சரி. இன்னும் இரண்டு அறுப்பு போட்டால் இழுக்கிற வேலை பாதியாகும். சேன்சாவை (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) திரும்ப இயக்கச் சோம்பல்பட்டே பாதிப் பேர் கயிற்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

முடிச்சைக் கணக்கில் சேர்க்காதது

சீட்டில் போட்டிருக்கும் எடை முடிச்சில்லாத புதுக் கயிற்றுக்கு. முடிச்சு விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போகும், சில முடிச்சுகளில் பாதியே போகும். கட்டைக்கு டிம்பர் ஹிட்ச் என்ற முடிச்சு போட்டு, அதற்கு முன்னால் ஓர் அரைமுடிச்சு போட்டால் கட்டை நேராக வரும். வேலை முடிந்ததும் இழுத்தால் கழன்றுவிடும். கண்ணி வேண்டுமென்றால் போலைன் முடிச்சு. கண்டபடி ஏழெட்டு முடிச்சு போட்டுவிட்டுக் கடைசியில் கத்தியால் அறுப்பவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு சுருள் அப்படியே போகும்.

மரமேறும் கயிற்றால் இழுப்பது

ஒரு தடவை செய்தாலும் அந்தக் கயிற்றில் பிறகு ஆள் ஏறக் கூடாது.

மண்ணோடு சுருட்டி வைப்பது

களிமண் காய்ந்தால் அதிலிருக்கும் மணல் இழைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே அறுக்கும். வெளியே கயிறு நன்றாகத்தான் தெரியும். வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். சோப்பு வேண்டியதில்லை.

அன்றைக்கு அந்த வாளியில்தான் சோதனையும் நடந்தது. நீலக் கயிற்றில் ஒரு சாண் வெட்டிப் போட்டேன். “அண்ணே, மிதக்குது” என்று மன்னார்குடித் தம்பி குனிந்து பார்த்தார். அப்புறம் லாரி இருக்கைக்குப் பின்னாலிருந்து என்னுடைய பாலியெஸ்டர் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்குள் துண்டுகள் எல்லாம் மேலே வந்துவிட்டன. நீலக் கயிற்றை இரண்டாக வெட்டி, விடுதியில் துணி காயப்போட ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.