சிங்கப்பூரில் சொந்தமாகப் புத்தகம் போடுகிறீர்களா? அட்டையும் அதன் உரிமையும்

பக்க எண்ணிக்கை உறுதியாகும்வரை அட்டைக் கோப்பை முடிக்காதீர்கள். முதுகின் அகலம் அதிலிருந்துதான் கிடைக்கும். 160 பக்கம் என்றால் 80 தாள். 0.1 மி.மீ. தடிமனுள்ள 80 ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாளில் முதுகு 8 மி.மீ. அதே ஜி.எஸ்.எம்.மில் பருமனான நாவல் தாள் போட்டால் 11, 12 மி.மீ. கூட ஆகும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடைதான், தடிமன் அல்ல. சிங்கப்பூர் அச்சகம் சொன்ன அளவில் அட்டை செய்து சென்னையில் அச்சுக்குக் கொடுப்பவர்கள் இங்கேதான் இடறுவார்கள்: முதுகில் இருக்கவேண்டிய தலைப்பு முன்னட்டையில் வந்து நிற்கும். எந்த அச்சகமோ அதனிடமே தாளின் தடிமனைக் கேளுங்கள்.

ஏ5 (148 × 210 மி.மீ.) நூலுக்கு அட்டையின் அகலம் 148 + 8 + 148 மி.மீ. நான்கு புறமும் வெட்டுக்கு 3 மி.மீ. சேர்த்தால் கோப்பு 310 × 216 மி.மீ. எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். முதுகு 6 மி.மீ.க்குக் குறைந்தால் அதில் எழுத்தே வேண்டாம். படம் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), நிறம் சி.எம்.ஒய்.கே. (அச்சுக்கான நான்கு மை முறை). முன்னட்டைக்கு மட்டும் ஏறக்குறைய 1,800 × 2,550 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வந்திருக்கும்.

தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளரிடம் கொடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். அவர் கண்ணில் அது படாது. எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிய பிறகு வரும் பி.டி.எஃப்.பை நீங்களே எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தக் கவலை இல்லை.

பணம் கொடுத்துவிட்டதால் ஓவியம் நம்முடையது என்ற நினைப்புதான் பெரிய வம்பு. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பணம் கொடுத்து வரையவோ எடுக்கவோ சொன்ன படத்துக்கும் அதை ஆக்கியவரே உரிமையாளர். உரிமையை முழுவதும் மாற்றிக்கொள்ள அவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். பெரும்பாலோருக்கு அவ்வளவு தேவைப்படாது, இப்படி ஓர் அனுமதி போதும்: "இந்த ஓவியத்தை இந்நூலின் எல்லா அச்சுப் பதிப்புகளிலும், மின்னூலிலும், விளம்பரங்களிலும் கால வரம்பின்றிப் பயன்படுத்தலாம்." மின்னூலும் விளம்பரமும் விடுபட்டால் பிறகு பேச்சு வளரும். ஓவியர் பெயரை உரிமைப் பக்கத்தில் போடுங்கள். அதுவும் சட்டம் தரும் உரிமை.

லிட்டில் இந்தியாவில் எடுத்த புகைப்படம் அட்டைக்கு அழகுதான். கட்டடத்தைப் படமெடுக்கத் தடையில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்துக்கும் விலக்கு உண்டு. சுவரோவியத்துக்கு இல்லை. அது படத்தில் முக்கியமாகத் தெரிந்தால் வரைந்தவரிடம் கேளுங்கள்.

இணையப் படங்களில், 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே எல்லோருக்கும் முன்கூட்டித் தரும் பொது அனுமதி) உரிமம் விற்பனை நூலுக்கு ஆகாது. 'மாற்றக்கூடாது' என்றிருந்தால் வெட்டி ஒட்டவும் முடியாது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தில் வேறு சிக்கல்: ஆக்கத்துக்கு மனித ஆசிரியர் வேண்டும் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இலேயே சொல்லியிருக்கிறது. அந்தப் படத்தை இன்னொருவர் எடுத்துப் போட்டால் உங்களால் தடுப்பது கடினம்.

பின்னட்டையில் கவிதை வரி போட விருப்பமா? ஆசிரியர் இறந்து 70 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். பாரதி மறைந்தது 1921இல், தாராளமாகப் போடலாம். சினிமாப் பாட்டு வரி வேண்டாம்.

உங்கள் எழுத்துக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடும். ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்) தேசிய நூலக வாரியத்தில் இலவசம். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. சென்னையில் அச்சடித்தாலும் பதிப்பாளர் நீங்கள் என்பதால் எண் இங்கேதான் வாங்கவேண்டும், 978-981 என்று தொடங்கும். பட்டைக் குறியீட்டை வெள்ளைப் பின்னணியில், கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடுங்கள். 30 × 21 மி.மீ.க்குக் கீழே சுருக்கினால் கடையில் ஸ்கேனர் திணறும். நூல் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்.